அன்றிலின் கூப்பிடு தூரம்

ஐப்பசியின் இரண்டாவது மழை ஓய்ந்த மறுநாள் கொம்பூரணிக்கு இரண்டு கருப்பு அரிவாள் மூக்கன்கள் வந்தன. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நின்ற ஒற்றைப் பனையின் மட்டைகளுக்கு நடுவில், பழைய பருந்துக்கூட்டின் மேல் குச்சியும் வைக்கோலும் கொண்டுவந்து போட்டு, நான்கே நாளில் தமக்கென்று ஒரு கூடு அமைத்துக்கொண்டன. ஐந்தாம் நாள் காலையிலிருந்து அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிறவர்கள் ஒருவரை விட்டு ஒருவர் அந்தப் பறவைகளின் கூப்பாடு கேட்கிற தூரத்தைத் தாண்டிப் போக முடியாமல் ஆயிற்று.

பறவைகளைப் பார்த்தால் விசேஷமாக ஒன்றும் தெரியாது. கறுத்த உடம்பு, தோளில் உள்ளங்கையளவு வெள்ளை, உச்சந்தலையில் குங்குமத்தை ஈரத்தோடு அப்பியது போன்ற சிவந்த சொரசொரப்பு, செங்கல் நிறத்தில் கால், கருக்கரிவாளைப் போலக் கீழ்நோக்கி வளைந்த மூக்கு. ஒன்று கூட்டில் இருக்க மற்றது தரிசுக் காட்டில் இறங்கி, மண்வெடிப்புக்குள் மூக்கை விட்டு வண்டையும் தேளையும் எடுத்துத் தின்னும். அது திரும்பி வந்ததும் இரண்டும் கழுத்தை நீட்டித் தொண்டை கிழிய ஒரு கூப்பாடு போடும், பிறகு இடம் மாறிக்கொள்ளும். அந்தக் கூப்பாடு கிழக்கே ஓடைப் பாலம் வரைக்கும், மேற்கே உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி வரைக்கும் கேட்கும். அதற்கு அந்தப்பக்கம் கேட்காது.

ஐந்தாம் நாள் ஆறே முக்கால் மினிபஸ் ஓடைப் பாலத்தைத் தாண்டியதும், அதில் நின்றுகொண்டு போன ஐந்து ஆண்களுக்கு முழங்கால் மடங்கிவிட்டது. வலி இல்லை, மயக்கம் இல்லை, பேச்சும் தெளிவாகத்தான் இருந்தது. கால் மட்டும் நனைந்த துணியைப் போலத் துவண்டு, ஐந்து பேரும் பஸ்ஸின் தரையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே நேரத்தில் ஊருக்குள் குழாயடியில் நான்கு பெண்கள் குடத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் பஞ்சாயத்துத் தலைவர் சுயம்புலிங்கம். அவருடைய மனைவி தங்கபுஷ்பம் அந்நேரம் வீட்டுக்குள் தனியாக இருந்தாள். பிறகு விஷயம் கேள்விப்பட்டதும், தானும் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். பாலத்துக்கு இந்தப்பக்கம் வந்ததும் ஐந்து பேரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள், குழாயடியில் பெண்களும் எழுந்தார்கள். மறுபடி முன்னால் போனபோது மறுபடி விழுந்தார்கள். மூன்று தடவை பார்த்துவிட்டு ஐந்து பேரையும் இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது.

பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் கோயில்பிள்ளை அன்று சாயங்காலம் பனையடியில் நின்று அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது அன்றில். பழைய பாட்டுல வர்ற பறவை இதுதான்னு படிச்சவங்க சொல்லுதாவ. ஜோடியைப் பிரிஞ்சா அதுக்கு உசிர் தங்காதாம்."

"அந்தப் பாட்டுல மினிபஸ் வருதா சார்?" என்று கண்டக்டர் கேட்டான். "நான் எட்டரைக்கு விளாத்திகுளத்துல நிக்கணும். அதுக்கு அதுல ஏதாவது வழி சொல்லியிருக்கா?"

ஆசிரியர் இல்லை என்று தலையாட்டினார். அதோடு அது ஏன் வந்தது என்கிற பேச்சு அந்த ஊரில் முடிந்துபோனது. அதை வைத்துக்கொண்டு எப்படிக் காலத்தை ஓட்டுவது என்கிற பேச்சு ஆரம்பமானது.

கல்யாணம் ஆகாதவர்களுக்கும் துணையை இழந்தவர்களுக்கும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வெளியூரில் இருந்தவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரும்பி வந்து ஒரு விடியலில் அந்தக் கூப்பாட்டைக் கேட்டுவிட்டால் அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் என்று ஊர் முடிவு செய்தது. பாலத்தைத் தாண்ட வேண்டிய எல்லாக் காரியத்துக்கும் ஜோடியாகப் போனார்கள். சந்தைக்கும் ஜோடி, தாலுகா ஆபீசுக்கும் ஜோடி, பல் பிடுங்கவும் ஜோடி. பெண்கள் ஜாக்கெட் அளவு கொடுக்கிற இடத்தில் ஆண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உரக்கடையில் ஒன்றுமில்லாத விஷயத்தை ஆண்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பதைப் பெண்கள் முதல்முறையாக நேரில் பார்த்தார்கள். பாலத்துக்கு அந்தப்பக்கம் இருந்த ஒயின்ஷாப்புக்கு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்பதால் கார்த்திகை பிறப்பதற்குள் பதினேழு பேர் குடியை விட்டார்கள். இரண்டு பேருடைய பெண்டாட்டிகள் மட்டும் அலுக்காமல் கூடவே போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்று, ஒருத்திக்கு ஒருத்தி நல்ல சிநேகிதியாகிவிட்டார்கள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறவள் கோபத்துக்குக் காரணமானவனையும் கூட்டிக்கொண்டே போகவேண்டி இருந்தது. அங்கே அவள் ஒரு மூலையில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார, மாப்பிள்ளை வந்திருக்கிறாரே என்று மாமனார் கோழி அடிக்க, சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் தாலியறுத்தவர்களுக்கு வந்தது. அதுவரை கல்யாண வீட்டில் பின்கட்டோடு நிற்க வைக்கப்பட்ட பதினான்கு பெண்கள் இப்போது ஊரின் கையும் காலுமாக ஆனார்கள். ரேஷன், மருந்து, ஈ.பி. ஆபீஸ், ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தார்கள். மினிபஸ்ஸின் முன் சீட்டு அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. காலையில் எழுந்ததும் அவர்கள் முகத்தில் விழித்தால் ஆகாது என்று முன்பு திரும்பிக்கொண்டவர்கள், இப்போது அவர்கள் கிளம்புவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று விடியுமுன்னே வாசலில் வந்து நின்றார்கள்.

கார்த்திகை முதல் வாரத்தில், பனையை வெட்டிவிடலாம் என்று சிலர் பேச்செடுத்து கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். சுயம்புலிங்கம் எழுந்து, கலெக்டர் ஆபீசுக்கு பெண்டாட்டியோடு போய் நிற்கிற தலைவனை எந்த அதிகாரி மதிப்பான் என்று கேட்டார். அப்போது பெண்கள் பக்கமிருந்து ராசம்மாள் எழுந்தாள். புருஷன் செத்து இருபது வருஷத்தில் அவள் கூட்டத்தில் பேசுவது அதுவே முதல் தடவை.

"கூட்டுல மூணு முட்டை இருக்கு. தண்ணித் தொட்டி மேல ஏறி நானே பார்த்தேன். வெட்டணும்னா வெட்டுங்க தலைவரே. ஆனா கோடாலி விழுந்த மறுநாள்லேர்ந்து உங்க வீட்டுச் சீனியையும் சுகர் மாத்திரையையும் நீங்களே போய் வாங்கிக்கங்க."

"பனையை வெட்டிட்டா நாங்களே போகலாமே, அதுக்குத்தானே வெட்டுறோம்" என்றார் தலைவர்.

"வெட்டியும் கால் மடங்குச்சுன்னா?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. கூட்டம் கலைந்தது.

குழாயடியில் முதல் நாள் நின்றவர்களில் சண்முகவடிவும் ஒருத்தி. பக்கத்தில் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தபோது தரை வழுக்குகிறது என்று நினைத்து, சாய்ந்த குடங்களை எல்லாம் நிமிர்த்தி வைத்தது அவள்தான். அவளுடைய புருஷன் பரமார்த்தலிங்கம் கேரளாவுக்கு உப்பு லாரி ஓட்டுகிறவன், அன்றைக்கு அவன் கொட்டாரக்கரையில் இருந்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், மாதத்துக்கு நாலு நாள் வீட்டில் இருப்பான், அந்த நாலு நாளில் பாதியைத் தூங்கிக் கழிப்பான். குழந்தை இல்லை. கேட்கிறவர்களிடம் இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "வரும்போது வரட்டும்." சண்டை கிடையாது. அவனுக்கு எந்தக் கறி பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவளுக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும், அதற்கு மேல் தெரிந்துகொள்ள இருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

கூட்டம் முடிந்த வாரம் அவன் ஊருக்கு வந்தான். நடப்பதை எல்லாம் கேட்டான், இரண்டு விடியல் அந்தக் கூப்பாட்டையும் கேட்டான். மூன்றாம் நாள் லோடு ஏற்றிய வண்டி கிட்டங்கியில் நிற்கிறது, போய்த்தான் ஆகவேண்டும் என்றான். சரி, பாலத்தைத் தாண்டும்போது ஹாரன் அடியுங்கள், இங்கே வடிவைப் பிடித்துக்கொள்கிறோம் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். அவளை வாசலில் நிறுத்திச் சுற்றிலும் பதினோரு பேர் நின்றார்கள். லாரியில் அவனோடு, பாலம் வரைக்கும் பார்க்கிறேன் என்று கல்யாணம் ஆகாத மினிபஸ் கண்டக்டர் ஏறிக்கொண்டான்.

ஹாரன் கேட்டது. நீளமாக, இரண்டு தடவை.

வடிவு தன் கால்களைக் கவனித்தாள். அவை எப்போதும் போல இருந்தன. பாதத்தின் கீழே மணல் குத்துவதுகூடத் தெரிந்தது. நிமிர்ந்தபோது பதினோரு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் பாதியில் பயமும் மீதியில் வேறொன்றும் இருந்தது, அந்த வேறொன்று இன்னும் இரண்டு விநாடியில் பேச்சாக மாறிவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"விழுந்துட்டா! விழுந்துட்டா!" என்று ஒருத்தி போனில் கண்டக்டருக்குச் சொன்னாள்.

சற்று நேரத்தில் கண்டக்டர் லாரியைப் பின்னோக்கியே ஓட்டி வந்தான். பரமார்த்தலிங்கம் ஸ்டீரிங் மேல் தலையைக் கவிழ்த்துவிட்டான் என்று இறங்கி எல்லோரிடமும் சொன்னான். பெண்கள் வடிவைக் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அந்த மனுஷனுக்கு உண்மையாகவே கால் மடங்கியிருக்கிறது, தனக்கு ஒன்றுமே ஆகவில்லை. இப்படி ஒரு கல்லோடு அவர் பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். வண்டியை வேறொரு டிரைவர் எடுத்துப் போனான். பரமார்த்தலிங்கம் கிட்டங்கியில் மூட்டை தைக்கிற வேலைக்குப் போகத் தொடங்கினான்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் அவன் வீட்டில் இருந்தான். சீனி டப்பா எது, உப்பு டப்பா எது என்று அவனுக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. இடதுபக்கம் படுத்தால் மட்டும்தான் அவன் குறட்டை விடுவான் என்று அவளுக்குத் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. ஒருநாள் அவன் குடம்புளி போட்டு மலையாளத்து மீன்குழம்பு வைத்தான். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள், மறுநாள் பழையதுக்கு அதையே தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள். ஆரியங்காவு வளைவில் மழை பெய்தால் எதிரே வருகிற வண்டி தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் ஒதுங்கவேண்டும் என்று அவன் சொன்னான். எப்படிப்பட்ட சத்தம் என்று அவள் கேட்டாள். அவன் வாயாலேயே ஒவ்வொரு வண்டியின் சத்தத்தையும் செய்து காட்டினான்.

பரணில் எதையோ தேடப்போய் அவன் ஒரு பெட்டி நிறைய நாள்காட்டித் தாள்களைக் கண்டுபிடித்தான். கட்டுக்கட்டாக ரப்பர் போட்டு வைத்திருந்தது. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அவளுடைய கையெழுத்து.

"இது என்ன வடிவு?"

"நீங்க வரும்போது சொல்லணும்னு எழுதி வைப்பேன். நீங்க வந்ததும் தூங்கிருவிய. பெறவு வண்டி ஏறிருவிய. அப்படியே சேந்துபோச்சு."

அவன் ஒன்றை எடுத்துப் படித்தான். கோழி வேலிக்கம்பியில் மாட்டிக்கொண்டது, நானே எடுத்துவிட்டேன். இன்னொன்று. இன்றைக்கு யாரோடும் பேசவில்லை, எதுவும் வருத்தமில்லை, பேச யாரும் வரவில்லை அவ்வளவுதான். இன்னொன்று. பெரிய மழை, ஓடு ஒழுகுகிறது, சட்டியை வைத்தேன், சட்டியில் விழுகிற சத்தம் நன்றாக இருக்கிறது. அவன் பெட்டியை மூடவில்லை. அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து ஒரு கட்டை எடுத்துவைத்து, இது என்ன, இது யார், இதற்கப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தான். எட்டு வருஷத்துக்கு முந்திய கோழிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று அவளும் யோசித்து யோசித்துச் சொன்னாள்.

ஆனால் அவனுக்கு ரோடு இல்லாமல் இருக்க முடியவில்லை. சோறு குறைந்தது. ஸ்பூனை கியர் மாதிரிப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். எனக்காகத்தானே இப்படிக் கிடக்கிறார் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம் வடிவு மிளகாய் வற்றலைக் காயப்போடப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறினாள். அங்கிருந்து பனையின் தலை நேரே தெரியும். கூட்டில் இரண்டு குஞ்சுகள், இன்னும் மூக்கு வளையாமல் நேராக இருந்தது, தலையில் சிவப்பு வந்திருக்கவில்லை. தாயோ தகப்பனோ ஒன்று அவற்றின் தொண்டைக்குள் மூக்கை விட்டு ஊட்டிக்கொண்டிருந்தது. அவள் பனையைத் தாண்டிப் பார்த்தாள். ஓடைப் பாலத்துக்கு அந்தப்பக்கம், நூறு அடி தள்ளி, மெயின் ரோட்டு மைல்கல்லில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஒரு ஆள் நின்றிருந்தான். நீலக் கைலி, தலையில் ஆரஞ்சுத் துண்டு. போகிற லாரிகளை ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் துண்டை அவள்தான் காலையில் மடித்துக் கொடுத்திருந்தாள்.

அவன் நின்றுகொண்டிருந்தான். அவளும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு லாரி போய், தூசி அடங்கி, அவன் ஊர்ப்பக்கம் திரும்பினான். மாடியில் பச்சைச் சேலையைப் பார்த்தான். இருவரும் அசையாமல் அப்படியே இருந்தார்கள், பறவை கூப்பாடு போட்டது, அவளுக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் சோறு போட்டு வைத்திருந்தாள். அவன் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான், சாப்பிடவில்லை.

"நீ நின்னுட்டுல்லா இருந்தே" என்றான்.

"நீங்களும்."

"தினமும் மத்தியானம் போவேன். அரை மணி நேரம். உனக்கு இங்க ஏதாவது ஆயிருமோன்னு பாலத்துல ஒரு காலு, ரோட்டுல ஒரு காலுன்னு பார்த்தேன் மொத நாள். திரும்பி வந்தப்ப நீ சிரிச்சிட்டு மாவு ஆட்டிட்டிருந்தே. சரி, உனக்கு மடங்கல்லன்னு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? நீ எனக்காக விழல, நானும் உனக்காக விழலன்னா? அதைச் சொல்லுததுக்கு வாய் வரணும்லா."

"அன்னிக்கு ஸ்டீரிங்குல ஏன் தலையைக் கவுத்திய?"

"வீட்டுல நீ விழுந்து கிடக்கேன்னு போன்ல சொன்னாவ. பொண்டாட்டி விழுந்து கிடக்கையில நான் மட்டும் நிமிந்து உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" அவன் அவளைப் பார்த்தான். "நீ ஏன் விழுந்தே?"

"பதினோரு பேரு பாத்துட்டு நின்னாவ."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினான். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு இரண்டு பேரும் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்கள். ஒன்றரை மாதமாக ஒருவருக்காக ஒருவர் தாங்கிக்கொண்டிருந்த பாரம் அந்தச் சிரிப்பில் இறங்கியது. சிரித்து ஓய்ந்ததும் வடிவு தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க வண்டிக்குப் போங்க."

"ஊர் என்ன சொல்லும்?"

"என்ன வேணாலும் சொல்லட்டும். இனிமே ஒருக்கா விழுந்து நடிக்க எனக்கு முட்டுல தெம்பு இல்ல."

தை இரண்டாம் தேதி காலை அவன் மறுபடி லாரியை எடுத்தான். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடம் வண்டியை நிறுத்தி, நான் போய்ட்டு வாரேன், வடிவுக்கு ஒன்னும் ஆகாது, யாரும் பிடிக்க வரவேண்டாம் என்று சொன்னான். வடிவு அங்கேயே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, பனையடியில் நின்றாள். லாரி பாலத்தைத் தாண்டியது. விழுந்தால் தாங்குவதற்கு யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் வைத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. லாரி சின்னதாகிச் சின்னதாகி மெயின் ரோட்டில் திரும்பி மறைந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

சிலர் கீழே பார்த்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும், "அப்போ உங்களுக்குள்ள..." என்று ஆரம்பித்தாள்.

"மடங்கல அக்கா. எனக்கும் மடங்கல, அவருக்கும் மடங்கல. முந்தியும் மடங்கினதில்ல" என்று வடிவு சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவள் பயந்தது போல எதுவும் நடக்கவில்லை. அன்று மத்தியானம் கொல்லைப்பக்கமாக ஒருத்தி வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "சொன்னப்ப எப்படி இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். சாயங்காலம் இன்னொருத்தி. மறுநாள் விடிந்தும் விடியாமலும் தலைவர் சுயம்புலிங்கம் தனியாக மொபெட்டில் பாலத்தைத் தாண்டிப் போவதை ராசம்மாள் பார்த்தாள். அவரும் பார்த்தார். அவள் கும்பிட்டாள், அவரும் கும்பிட்டார். அடுத்த வாரத்துக்குள் ஒவ்வொருவராகப் பாலத்தைத் தாண்டத் தொடங்கினார்கள். முதல் நாள் பஸ்ஸில் விழுந்த ஐந்து பேரில் மூன்று பேர், மற்றவர்கள் விழுந்ததைப் பார்த்துவிட்டு விழுந்தவர்கள் என்று தெரிந்தது, குழாயடியில் உட்கார்ந்த நான்கு பெண்களில் இரண்டு பேரும் அப்படித்தான். நாற்பத்து மூன்று ஜோடிகளில் உண்மையாகவே கால் மடங்கியது பதினாறு ஜோடிக்குத்தான்.

அந்தப் பதினாறில் யாரும் எதிர்பார்க்காத ஒரு ஜோடி இருந்தது, ஆவுடையம்மாளும் குருசாமியும். ஒரு ஆட்டை விற்ற விஷயத்தில் சண்டை வந்து பதினோரு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒரே வீட்டில் நடுவே தட்டி வைத்துத் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு வந்தவர்கள். வெளியூர் போகிற வழக்கமே இல்லாததால் அதுவரை அவர்களைப் பற்றித் தெரியவில்லை. எல்லோரும் போகிறார்களே என்று குருசாமி தன் தங்கை வீட்டு விசேஷத்துக்குத் துணிச்சலாகத் தனியே கிளம்பினார். பாலத்தைத் தாண்டி இரண்டடி வைத்தவர் கட்டை சாய்ந்தது போல விழுந்தார். இங்கே ஆவுடையம்மாள் அடுப்பில் உலை கொதிக்க, அதைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்தவள், "அந்தப் பாவி எங்கயோ கிளம்பிட்டான்" என்றாள். தூக்கிவிடப் போனவர்கள் அதைக் கேட்டு அசந்துபோனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எல்லா இடத்துக்கும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், பேசாமலேயே போய் வந்தார்கள். இறங்கும்போது மட்டும் அவர் அவளுடைய பையை வாங்கிக்கொள்வார்.

நடித்தவர்களில் சில வீடுகளில் அழுகை இருந்தது, இரண்டு வீடுகளில் பிரிவு இருந்தது. பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் இல்லை. கால் மடங்காவிட்டாலும் காலையில் அடுப்பு பற்றவைக்கவேண்டும், பிள்ளைக்குத் தலை வாரவேண்டும். ஒரு சிலர் மட்டும் ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்க்கிறவர்கள் போல, கொஞ்சம் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். தாலியறுத்தவர்களின் முன் சீட்டைப் பழையபடி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் போய் உட்கார்ந்து பார்த்தார். ராசம்மாள் அவர் முன்னால் வந்து நின்றுகொண்டே இருந்தாள். பாலம் வருவதற்குள் அவர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

பரமார்த்தலிங்கம் ஒன்பது நாள் கழித்து ஒரு குலை நேந்திரம் பழத்தோடு வந்தான். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகாமல் உட்கார்ந்திருந்தான்.

"செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு புனலூர்கிட்ட வண்டியை ஓரங்கட்டினேன்" என்றான். "காலு லேசா ஒரு மாதிரி ஆச்சு."

வடிவு அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு மணியை யோசித்துப் பார்த்தாள். துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது.

"எனக்கு ஒன்னும் ஆகல" என்றாள்.

அவன் ஒரு பழத்தை உரித்து அவளிடம் கொடுத்தான். "எனக்கும் ஆகல. சொன்னா நல்லா இருக்குமேன்னு சொன்னேன்."

"அப்படிச் சொல்லாதிய."

"சரி."

அவள் பழத்தைத் தின்று முடித்து, தோலை ஜன்னல் வழியே ஆட்டுக்குப் போட்டாள். "அடுத்த லோடு என்னிக்கு?"

"புதன்கிழமை."

"நான் வாரேன். அந்த ஆரியங்காவு வளைவைப் பாக்கணும்."

புதன்கிழமை காலை அவள் லாரியில் ஏறியபோது பனங்கூட்டில் குஞ்சுகள் இறக்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, ஆக இப்போது இவர்களுக்கும் மடங்க ஆரம்பித்துவிட்டது போல என்று பேசிக்கொண்டார்கள். அவள் அதைக் கேட்டாள், திருத்தவில்லை.

செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது தூறல் பிடித்தது. ஆரியங்காவில் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு அவன் டீ வாங்கப் போனான். இரண்டு கிளாஸோடு திரும்பி வந்தபோது கேபினில் அவள் இல்லை. வண்டியின் அந்தப்பக்கம் பார்த்தான், இல்லை. கடைக்காரரிடம் கேட்டான், தெரியாது என்றார். மழைப்புகை ரோட்டின் மேல் இறங்கியிருந்தது, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அவன் இரண்டு கைகளிலும் கிளாஸைப் பிடித்தபடி, எதிரே வருகிற வண்டிகளின் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றான். டீயில் மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் புகைக்குள்ளிருந்து அவள் நடந்து வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"எங்க போனே?"

"சும்மா. அந்த வளைவு வரைக்கும் தனியா நடந்து பாத்தேன்."

அவன் ஒரு கிளாஸை நீட்டினான். ஆறிப்போயிருந்தது. அவள் லாரியின் படியில் உட்கார்ந்து, அவனுக்கும் கொஞ்சம் இடம் விட்டு, அதை மெதுவாகக் குடித்தாள்.